குறுக்கீடும் ஒழுங்கும்



ஒருவர் பேசிக் கொண்டிருக்கும்போது மற்றொருவர் இடையில் புகுந்து பேசுவதை நாம் நற்பண்பாகக் கொள்வதில்லை. குறுக்கே பேசாதே என்று சிறுவர்களைக் கண்டிக்கிறோம். ஆனால் கணிப்பொறியின் உலகில் குறுக்கிடுதல் குற்றமன்று. அது ஓர் ஏற்பாடு. குறுக்கிடுவதற்கென்றே அங்கே தனிக் கம்பி உண்டு. அந்தக் கம்பிகளைக் காக்கத் தனிக் காவலனும் உண்டு. இந்தக் குறுக்கீட்டை முறைப்படி அமைப்பது எப்படி, முறை தவறினால் நேர்வது என்ன என்பதே இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக் கொண்ட பொருள்.

கணிப்பொறி என்றவுடன் மேசைமேல் வைத்த திரையும் விசைப்பலகையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் கணிப்பொறிகளே மிகுதி. துணி துவைக்கும் இயந்திரத்தின் உள்ளே ஒன்று இருக்கிறது. மோட்டார் வண்டியின் எஞ்சினை ஆள்வதற்கு ஒன்று இருக்கிறது. மருத்துவமனையில் நோயாளியின் உடலுக்குள் மருந்தை அளவறிந்து செலுத்தும் கருவியிலும் ஒன்று இருக்கிறது. வேறொரு பொருளுக்குள் பொதிந்து கிடப்பதால் இவற்றை உட்பொதி கணிப்பொறிகள் என்கிறோம். இவற்றுள் பலவற்றில், பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் என்னும் இயக்க முறைமை இன்று பணி புரிகிறது. இயக்க முறைமை என்பது கணிப்பொறியின் நிர்வாகி. அந்த நிர்வாகிக்கு எல்லாச் சாதனங்களின் மொழியும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சாதனத்திற்கும் ஒரு துபாஷியை அமர்த்திக் கொள்கிறது. அந்தத் துபாஷியின் பெயர் சாதன இயக்கி. ஆங்கிலத்தில் டிவைஸ் டிரைவர் என்பர். குறுக்கீட்டை அமைக்கும் பொறுப்பு இந்தச் சாதன இயக்கியினுடையது.

குறுக்கீடு எதற்கு? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கருவி, தொடர்வரிசைக் கம்பி வழியாக வினாடிக்கு 1,15,200 துணுக்குகள் என்னும் வேகத்தில் செய்தி அனுப்புகிறது என்று வைத்துக் கொள்வோம். ஓர் எழுத்துக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்துப் பத்துத் துணுக்குகள். ஆகவே வினாடிக்கு 11,520 எழுத்துகள். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே ஏறத்தாழ 87 மைக்ரோ வினாடி. மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நமக்கு இது கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிது. ஆனால் வினாடிக்கு நூறு கோடி முறை துடிக்கும் ஒரு செயலிக்கோ, இந்த இடைவெளிக்குள் ஏறத்தாழ 87,000 துடிப்புகள் கிடைக்கின்றன. அத்தனை துடிப்புகளையும், "எழுத்து வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று விசாரிப்பதிலேயே செலவழிக்கலாம். அப்படிச் செய்தால் வேறு வேலை ஒன்றும் நடவாது. மின்கலத்தின் ஆற்றலும் வீணாகும். இதற்கு மாறாக, "எழுத்து வந்ததும் என்னைக் கூப்பிடு; அதுவரை நான் என் வேலையைப் பார்க்கிறேன்" என்று செயலி சாதனத்திடம் சொல்லி வைக்கலாம். இந்தக் கூப்பாடே குறுக்கீடு. ஆங்கிலத்தில் இதனை இண்டரப்ட் என்று வழங்குவர்.

கூப்பாடு வந்ததும் செயலி என்ன செய்கிறது? ஒரு வகுப்பறையை நினைத்துக் கொள்ளுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதி எழுதியிருக்கிறார். வாயிலில் பள்ளிப் பியூன் சுற்றறிக்கையோடு வந்து நிற்கிறார். ஆசிரியர் எழுதிக் கொண்டிருக்கும் இலக்கத்தை எழுதி முடிக்கிறார், எந்த வரியில் நிறுத்தினோம் என்பதைக் குறித்துக் கொள்கிறார், சுற்றறிக்கையில் கையெழுத்திடுகிறார், திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். செயலியும் இவ்வாறே, கையிலுள்ள கட்டளையை முடிக்கிறது. அடுத்துச் செய்ய வேண்டிய கட்டளையின் முகவரியைப் பத்திரப்படுத்துகிறது. குறுக்கீட்டைக் கவனிப்பதற்கென எழுதி வைத்த சிறு நிரலுக்குத் தாவுகிறது. அச்சிறு நிரலைக் கையாளி என்போம். கையாளி தன் வேலையைத் தொடங்குமுன், செயலியின் பதிவகங்களில் உள்ள எண்கள் சேமித்து வைக்கப்படுகின்றன. பலகையில் பாதி எழுதிய கணக்கைப் பியூன் அழித்துவிடக் கூடாதன்றோ? கையாளி முடிந்ததும் அந்த எண்கள் மீண்டும் தத்தம் இடத்திற்கு வந்துவிடும். குறுக்கிடப்பட்ட நிரலுக்குத் தான் குறுக்கிடப்பட்டது என்பதே தெரியாது.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. அமெரிக்க நாட்டின் தேசியத் தர நிர்ணய நிலையம் 1954இல் கட்டிய டைசியாக் என்னும் கணிப்பொறி, உள்ளீடு வெளியீடு ஆகியவற்றுக்குக் குறுக்கீட்டைப் பயன்படுத்திய தொடக்க காலப் பொறிகளுள் ஒன்று. சில ஆண்டுகளுக்குப் பின் ஆலந்து நாட்டில் எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்-1 என்னும் கணிப்பொறியை உருவாக்கினார்கள். அதன் குறுக்கீட்டைக் கையாளும் நிரலை எழுதும் பொறுப்பு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் இளைஞரிடம் வந்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அறிஞர் அவர். குறுக்கீடு என்ற ஏற்பாட்டைக் கண்டு அவர் முதலில் அஞ்சினார். அதனை ஏற்பதற்கே தயங்கினார். இறுதியில் அந்தச் சிக்கலையே ஆராய்ந்து 1959இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அவர் அஞ்சியதன் காரணம் யாது? அதைத்தான் நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். குறுக்கீடு இல்லாத நிரலை எத்தனை முறை ஓட்டினாலும், ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடைதான் வரும். பிழை இருந்தால் அந்தப் பிழையும் ஒவ்வொரு முறையும் தலைகாட்டும், பிடித்துவிடலாம். குறுக்கீடு வந்து சேர்ந்தால் இந்த உறுதி போய்விடுகிறது. எந்த இரண்டு கட்டளைகளுக்கு இடையிலும் அது வரலாம். இலட்சம் இடைவெளிகளுள் ஒன்றே ஒன்றில் வந்தால் மட்டுமே ஆபத்து என்றால், இலட்சம் முறை நன்றாக ஓடிய நிரல் அடுத்த முறை வீழும். வீழ்ந்ததை மீண்டும் காட்டு என்றால் காட்ட இயலாது. ஆகவே குறுக்கீட்டைப் பொறுத்தமட்டில், ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று சொல்வது போதாது. எந்தக் கணத்தில் வந்தாலும் தீங்கு நேராது என்று சிந்தித்து உறுதி செய்தல் வேண்டும். நான் இந்தப் பாடத்தை மாணவர்களுக்குச் சொல்லும்போது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் பென்சிலை வைத்து, "இந்த இடத்தில் மணி அடித்தால் என்ன ஆகும்?" என்று கேட்பது வழக்கம். அந்த ஒரு கேள்வியே இத்துறையின் பால பாடம்.

இனி, சாதன இயக்கியில் குறுக்கீட்டை அமைக்கும் வரிசையைப் பார்ப்போம்.

முதலாவது, எந்தக் கம்பி என்பதை அறிதல். சாதனங்களின் குறுக்கீட்டுக் கம்பிகள் யாவும் நேராகச் செயலிக்குள் போவதில்லை. குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டகம் என்னும் காவலனிடம் வந்து சேர்கின்றன. யாருடைய அழைப்பு முந்தியது, யாரைத் தடுத்து வைப்பது என்பதை அந்தக் காவலன் கவனித்துக் கொள்கிறான். எந்தச் சாதனம் எந்தக் கம்பியில் இணைந்திருக்கிறது என்பது சாதன மரம் என்னும் விவர ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். இங்கே மாணவர்கள் இடறி விழும் ஒரு கல் உண்டு. ஆர்ம் வகைச் செயலிகளோடு வரும் ஜிக் என்னும் கட்டுப்பாட்டகத்தில் 0 முதல் 15 வரையுள்ள எண்கள் செயலிகள் ஒன்றையொன்று அழைத்துக் கொள்வதற்கு உரியவை. 16 முதல் 31 வரையுள்ளவை ஒவ்வொரு செயலிக்கும் உரிய தனிச் சாதனங்களுக்கு ஆனவை. பொதுச் சாதனங்களின் எண்கள் 32இல்தான் தொடங்குகின்றன. ஆனால் சாதன மரத்தில் பொதுச் சாதனத்தின் எண்ணை எழுதும்போது அந்த முதல் 32ஐக் கழித்துவிட்டு எழுதுவது மரபு. கையேடு முழு எண்ணாக 65 என்று சொன்னால், மரத்தில் 33 என்று எழுத வேண்டும். 65 என்றே எழுதினால், இயக்கி வேறொருவர் வீட்டு வாயிலில் காத்து நிற்கும்.

இரண்டாவது, அழைப்பின் தன்மையை அறிதல். அழைப்பில் இரு வகை உண்டு. ஒன்று விளிம்பு வகை. மணியை ஒரு முறை தட்டிவிட்டுப் போவது போன்றது. மற்றொன்று மட்ட வகை. வேலை முடியும் வரை கையை உயர்த்திக் கொண்டே நிற்பது போன்றது. விளிம்பு வகையில், நாம் கவனியாத கணத்தில் மணி அடித்துவிட்டால் அழைப்பு தொலைந்து போகலாம். மட்ட வகையில் அந்த அச்சம் இல்லை. ஆனால் வேறோர் அச்சம் உண்டு. சாதனத்திடம் சென்று, "உன் கோரிக்கையைக் கவனித்தாயிற்று, கையைக் கீழே போடு" என்று கையாளி சொல்லாவிட்டால், உயர்த்திய கை உயர்ந்தபடியே இருக்கும். செயலி கையாளியைவிட்டு வெளியே வந்த மறுகணமே மீண்டும் உள்ளே இழுக்கப்படும். வேறு வேலை ஒன்றும் நடவாமல் பொறி உறைந்து நிற்கும்.

மூன்றாவது, சாதனத்தை அமைதிப்படுத்துதல். நாம் வந்து சேருமுன் அந்தச் சாதனத்தை வேறொருவர் பயன்படுத்தியிருக்கக் கூடும். பொறியைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல் அதனை இயக்கியபடியே விட்டுப் போயிருக்கலாம். ஆகவே முதலில் அதன் வாயை மூடிவிட்டு, தேங்கி நிற்கும் பழைய அழைப்புகளைத் துடைக்க வேண்டும்.

நான்காவது, கையாளிக்கு வேண்டிய பொருள்களைத் தயார் செய்தல். எழுத்துகளைப் போட்டு வைக்க நினைவகத்தில் ஓர் இடம், அதற்கு ஒரு பூட்டு, பின்னர் வேலை செய்பவருக்கு ஒரு வரிசை ஆகியவை யாவும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

ஐந்தாவதாகத்தான் கையாளியை இயக்க முறைமையிடம் பதிவு செய்தல். "இந்தக் கம்பியில் அழைப்பு வந்தால் இந்தக் கையாளியைக் கூப்பிடு" என்று மனுக் கொடுப்பது போன்றது இது. மனு ஏற்கப்படாமலும் போகலாம். வேறோர் இயக்கி அந்தக் கம்பியைத் தனக்கே உரியதாக்கிக் கொண்டிருந்தால் இயக்க முறைமை மறுத்துவிடும். ஆகவே மனுவின் விடையைப் பாராமல் மேலே செல்லலாகாது.

ஆறாவதாக, எல்லாம் முடிந்த பின்னரே, "இனி நீ கூப்பிடலாம்" என்று சாதனத்தின் வாயைத் திறந்துவிட வேண்டும்.

இந்த வரிசையில் நான்காவதையும் ஐந்தாவதையும் இடம் மாற்றிவிட்டால் என்ன? மூன்றாவதை விட்டேவிட்டால் என்ன? பெரும்பாலும் ஒன்றும் நேராது என்பதே இதிலுள்ள விபரீதம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கும்போது சாதனம் அமைதியாகவே இருக்கும்; ஆகவே சோதனைச் சாலையில் நாள் முழுதும் சரியாக ஓடும். ஆனால் மின்சாரத்தை நிறுத்தாமல் பொறியை மட்டும் மறுபடி தொடங்கினால், முந்திய ஓட்டத்தில் எழுந்த அழைப்பு ஒன்று காத்துக் கொண்டிருக்கும். பதிவு செய்த அந்தக் கணத்திலேயே கையாளி அழைக்கப்படும். அது தேடிச் செல்லும் நினைவகமோ இன்னும் ஒதுக்கப்படவே இல்லை. இல்லாத இடத்தில் கால் வைத்த நிரல் வீழும். அதனோடு இயக்க முறைமையும் வீழக் கூடும். வீட்டுத் துணி இயந்திரத்தில் இது நேர்ந்தால் ஒரு நாள் தொல்லை. மருந்து செலுத்தும் கருவியில் நேர்ந்தால் அதன் விலை வேறு.

விலகும்போது இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்ற வேண்டும். முதலில் சாதனத்தின் வாயை மூடுதல்; பின்னர் கையாளியின் பதிவை நீக்குதல்; இறுதியில் நினைவகத்தைத் திருப்பித் தருதல். லினக்ஸ் முறைமையில் பதிவை நீக்கும் செயற்கூறு, அப்போது ஓடிக் கொண்டிருக்கும் கையாளி முடியும் வரை பொறுத்திருந்தே திரும்பும். அதற்குமுன் நினைவகத்தைத் திருப்பித் தந்துவிட்டால், குடியிருப்பவர் உள்ளே உறங்கும்போதே வீட்டை இடித்ததாக முடியும். பகிர்ந்து கொள்ளும் கம்பிகளின் கையாளிகள் இதற்குத் தயாரா என்று பார்க்க லினக்ஸில் ஒரு சோதனை ஏற்பாடு உண்டு. அதனை முடுக்கிவிட்டால், பதிவை நீக்கும் வேளையில் வேண்டுமென்றே ஒரு பொய் அழைப்பைக் கொடுத்து அது பரிசோதிக்கும்.

இனி, கையாளியின் நடத்தையைப் பற்றிச் சில சொற்கள். கையாளி விருந்தாளியைப் போன்றது. வந்த காரியத்தைச் சுருக்கமாக முடித்துக் கொண்டு விடைபெற வேண்டும். தொடர்வரிசைச் செய்திக்குப் பரவலாகப் பயன்பட்ட 16550 என்னும் சில்லை எடுத்துக் கொள்வோம். வரும் எழுத்துகளைத் தாங்க அதில் 16 இடங்கள் உண்டு. 14 எழுத்துகள் சேர்ந்ததும் கூப்பிடு என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். அப்படியானால் கூப்பிட்ட பின் இரண்டு இடங்களே எஞ்சியிருக்கின்றன. மூன்றாவது எழுத்து வந்து முடிவதற்குள், அதாவது ஏறத்தாழ 260 மைக்ரோ வினாடிக்குள், யாராவது வந்து எழுத்துகளை அள்ளிச் செல்ல வேண்டும். அந்த வேளையில், அதே செயலியில் வேறொரு சாதனத்தின் கையாளி குறுக்கீடுகளைத் தடுத்து வைத்தபடி ஒரு மில்லி வினாடி சாவகாசமாக உழைத்தால் என்ன ஆகும்? அதற்குள் 11 எழுத்துகள் வந்துவிடும். இரண்டுக்கு இடம் உண்டு. ஒன்பது எழுத்துகள் மீளாமல் போகும். பிழை செய்தவர் ஒருவர், இழந்தவர் மற்றொருவர். தன் சாதனம் ஒழுங்காக ஓடுகிறது என்று முதல்வர் மகிழ்ந்திருப்பார். எழுத்து எங்கே போயிற்று என்று இரண்டாமவர் தம் நிரலையே இரவு பகலாகத் துருவிக் கொண்டிருப்பார்.

ஆகவே வேலையை இரண்டாகப் பகுப்பது வழக்கம். மேற்பாதி, அழைப்பு வந்ததும் ஓடுவது. சாதனத்தின் கையைக் கீழே போடச் செய்து, அவசரமானதை மட்டும் எடுத்து வைக்கும். கீழ்ப்பாதி, பின்னர் ஓய்வாக ஓடுவது. எழுத்துகளை ஆராய்வது, கோப்பில் எழுதுவது போன்ற நெடும் பணிகளைச் செய்யும். மேற்பாதி உறங்கலாகாது, எதற்காகவும் காத்திருக்கலாகாது. குறுக்கிட வந்தவர் வாயிலிலேயே படுத்துறங்கினால் வீட்டார் வெளியே போவது எப்படி?

ஒரே கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்து கொள்வதும் உண்டு. அப்போது அழைப்பு வந்தால், இயக்க முறைமை அந்தக் கம்பியில் பதிவான கையாளிகள் அனைத்தையும் வரிசையாக அழைக்கும். ஒவ்வொன்றும் தன் சாதனத்தை, "நீயா கூப்பிட்டாய்?" என்று கேட்டு, "என்னுடையது" என்றோ "என்னுடையது அன்று" என்றோ உண்மையான விடை தருதல் வேண்டும். லினக்ஸ் இந்த விடைகளை எண்ணி வருகிறது. 1,00,000 அழைப்புகளில் 99,900க்கு மேற்பட்டவற்றை யாருமே தம்முடையதாக ஏற்காவிட்டால், யாரும் கவலைப்படவில்லை என்ற பொருள்பட ஒரு செய்தியை எழுதிவிட்டு, அந்தக் கம்பியையே அடைத்துவிடும். எல்லா அழைப்பையும் என்னுடையது என்று பொய் சொல்லும் இயக்கி இந்தக் காவலை வீணாக்குகிறது. நோயை மறைத்து வைத்தியரை ஏமாற்றுவதற்கு ஒப்பானது அது.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. கையாளியும் சாதாரண நிரலும் ஒரே எண்ணைத் தொட நேர்கிறது. எழுத்துப் பெட்டியில் ஐந்து எழுத்துகள் இருக்கின்றன. சாதாரண நிரல் ஓர் எழுத்தை எடுத்துக் கொண்டு, எண்ணிக்கையைக் குறைப்பதற்காக ஐந்து என்ற எண்ணைப் படிக்கிறது. அந்தக் கணத்தில் குறுக்கீடு வருகிறது. கையாளி ஒரு புதிய எழுத்தைப் பெட்டியில் போட்டு, எண்ணிக்கையை ஆறு என்று ஆக்கிவிட்டுப் போகிறது. திரும்பி வந்த நிரல், தான் முன்பு படித்த ஐந்திலிருந்து ஒன்றைக் கழித்து, நான்கு என்று எழுதுகிறது. பெட்டியில் உள்ளவை ஐந்து. கணக்கில் உள்ளவை நான்கு. இதற்கு மருந்து பூட்டு. ஆனால் பூட்டைப் போடுவதிலும் முறை உண்டு. நிரல் பூட்டைப் பிடித்திருக்கும்போது அதே செயலியில் குறுக்கீடு வந்து, கையாளியும் அதே பூட்டுக்குக் காத்து நின்றால் என்ன? அலமாரியின் சாவி ஆசிரியரிடம் இருக்கிறது. சாவி கிடைக்காமல் பியூன் போகமாட்டார். பியூன் போகாமல் ஆசிரியர் பாடத்தை முடித்துச் சாவியை விடமாட்டார். இருவரும் நின்றபடியே நிற்பர். ஆகவே கையாளியோடு பகிரும் பூட்டைப் பிடிக்குமுன், அந்தச் செயலியில் குறுக்கீடுகளைச் சிறிது நேரம் தடுத்துவிட்டே பிடிக்க வேண்டும். அந்தச் சிறிது நேரம் உண்மையிலேயே சிறிதாக இருக்க வேண்டும். இல்லையேல் நாம் முன்னர்க் கண்ட ஒன்பது எழுத்துகளின் கதி நேரும்.

வேண்டாத அழைப்பு என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றிலிருந்து ஒரு சான்று கூறுகிறேன். 1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20ஆம் நாள், அப்பல்லோ 11 பயணத்தில் ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் சந்திரனை நோக்கி இறங்கிக் கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கலத்தை வழி நடத்தியது மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தின் கருவியியல் சோதனைச் சாலை வடிவமைத்த ஒரு சிறு உட்பொதி கணிப்பொறி. இறங்கும் வேளையில் அது 1202 என்றும், பின்னர் 1201 என்றும் எச்சரிக்கை எண்களைக் காட்டியது. வேலை மிஞ்சிவிட்டது, இடமில்லை என்பது அவற்றின் பொருள்.

காரணம் யாது? தாய்க் கலத்தைச் சந்திப்பதற்கான ராடார் ஒன்று அந்தக் கலத்தில் இருந்தது. இறங்குவதற்கு அது வேண்டியதில்லை. ஆயினும் அதன் இணைப்பு உயிரோடு இருந்தது. இரண்டு மின் வழங்கிகளின் துடிப்புகள் வேகத்தில் ஒத்திருந்தும் அடியெடுப்பில் ஒத்திராமையால், அந்த ராடாரின் இரு கோணங்களைக் குறிக்கும் துடிப்புகள், கோணத்திற்கு வினாடிக்கு 6,400 வரை, கணிப்பொறிக்குள் கொட்டின. இவை நிரலை நிறுத்திக் கையாளியை அழைக்கும் முழுக் குறுக்கீடுகள் அல்ல. ஒவ்வொன்றும் ஓர் எண்ணியைக் கூட்டவோ குறைக்கவோ செயலியின் ஒரு நினைவகச் சுற்றைப் பறித்துக் கொள்ளும் சிறு குறுக்கீடுகள். ஒரு சுற்று 11.7 மைக்ரோ வினாடிதான். ஆனால் 12,800ஐ 11.7ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வினாடியிலும் ஏறத்தாழ 15 விழுக்காடு நேரம் பறிபோய்விடும். அத்தனை உபரி நேரம் அந்தக் கணிப்பொறியிடம் இல்லை.

ஆயினும் கலம் பத்திரமாக இறங்கியது. அந்த நிரலை எழுதியவர்கள், வேலை மிஞ்சினால் சிறு வேலைகளை உதறிவிட்டு, இறங்குவதற்கு இன்றியமையாத வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும்படி முன்கூட்டியே அமைத்திருந்தார்கள். எது வரினும் என்ற கேள்வியை அவர்கள் முன்னமே கேட்டிருந்தார்கள். வேண்டாத சாதனத்தின் வாயை மூடி வை என்பது இதில் நமக்கு ஒரு பாடம். மூடாத வாய் ஒன்று எங்கேனும் இருக்கும் என்று எதிர்பார்த்து நிரல் எழுது என்பது மற்றொரு பாடம்.

மாணவர்களே, இவற்றை நீங்களே செய்து பார்க்கலாம். லினக்ஸ் ஓடும் சிறு கணிப்பொறிப் பலகை ஒன்றும், ஒரு பொத்தானும், இரண்டு கம்பிகளும் போதும். பொத்தானைக் குறுக்கீட்டுக்கு அமைத்துவிட்டு, ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பின்னர் லினக்ஸ் தன் குறுக்கீட்டுக் கணக்கை எழுதி வைக்கும் ஏட்டைத் திறந்து பாருங்கள். ஓர் அழுத்தலுக்குப் பல அழைப்புகள் பதிவாகியிருக்கக் காணலாம். பொத்தானின் உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது சில மில்லி வினாடிகளுக்குத் துள்ளி அடங்குவதே அதன் காரணம். புற உலகம் நம் நிரல் எதிர்பார்க்கும் ஒழுங்கில் வந்து கதவைத் தட்டுவதில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று இல்லை. அந்தத் துள்ளலை எப்படிச் சமாளிப்பது என்று சிந்தியுங்கள். பிறகு, இயக்கியை ஏற்றியும் இறக்கியும், பொத்தானை விடாமல் அழுத்திக் கொண்டே பாருங்கள். உங்கள் வரிசை சரியானதா என்பது விளங்கும்.

சாதனம் எப்போது கூப்பிடும் என்பது நம் கையில் இல்லை. அது கூப்பிடுமுன் நாம் ஆயத்தமாக இருப்பதும், கூப்பிட்டபின் சுருக்கமாக விடை சொல்லி விலகுவதும், நம்மைப் போலவே காத்திருக்கும் பிறருக்கு இடம் விடுவதும் நம் கையில் இருக்கின்றன. இயக்கியை எழுதும் ஒவ்வொருவரும், முன்பின் அறியாத ஒரு நோயாளியின் மருந்தையோ, ஒரு வண்டியின் வேகத்தையோ தம் வரிகளில் தாங்கி நிற்கிறார்கள். அந்த வரிகளின் முடிவில் பென்சிலை வைத்து, இங்கே மணி அடித்தால் என்ன ஆகும் என்று கேட்கும் பொறுமை உங்களுக்கு வாய்க்குமாக.